சொந்த டிஸ்க், சொந்த பேட்ச்

கடைக்கு வருகிற பையன்கள் முதலில் சார்ஜர் விலை, ரேம் விலை என்று எதையாவது விசாரிப்பார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள்: "அண்ணே, கேம் போட்டுத் தருவீங்களா?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "உங்கிட்ட டிஸ்க் இருக்கா?" இருக்கிறது என்றால் பேச்சு ஒரு பக்கம் போகும். நெட்டில் இறக்கி வைத்திருக்கிறேன் என்றால் வேறு பக்கம் போகும். ஏன் இப்படிக் கேட்கிறீர்கள் என்று பலரும் கேட்டுவிட்டார்கள். கவுண்டரில் நின்றுகொண்டு அரைகுறையாகச் சொல்வதைவிட ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் வக்கீல் இல்லை. கோவில்பட்டியில் கம்ப்யூட்டர், லேப்டாப் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறேன். ஆனால் இந்தத் தொழிலில் இருக்கிறவன் 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தை ஒருமுறையாவது படித்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. அரசாங்க இணையதளத்திலேயே இலவசமாக இருக்கிறது. நமக்கு வேண்டியது அதில் நாலைந்து பக்கம்தான்.

எங்கள் பக்கத்துப் பையன்களிடம் இரண்டு எண்ணங்கள் இருக்கின்றன. பழைய கேம்தானே, கம்பெனியே விற்பதை நிறுத்திவிட்டது, இறக்கிக்கொண்டால் என்ன என்பது ஒன்று. கேம் ஃபைலில் கை வைத்தாலே குற்றம், போலீஸ் வந்துவிடும் என்பது இன்னொன்று. இரண்டுமே தப்பு. எனக்கு அதிகம் வருத்தம் தருவது இரண்டாவது. ஒரு பிள்ளை முதன்முதலாக ஒரு மென்பொருளின் வயிற்றைத் திறந்து பார்ப்பது பெரும்பாலும் ஒரு கேமில்தான். அந்தக் கையைப் பயமுறுத்திக் கட்டிப்போட வேண்டிய அவசியமே இல்லை. நம் சட்டம் அந்தக் கைக்கு இடம் விட்டிருக்கிறது.

இஏ ஸ்போர்ட்ஸ் கிரிக்கெட் 07-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2006 நவம்பரில் வந்தது. ரிச்சி பெனோவும் மார்க் நிக்கலஸும் வர்ணனை. அந்தக் கம்பெனி அதற்கப்புறம் கம்ப்யூட்டருக்குக் கிரிக்கெட் கேம் போடவே இல்லை. ஐபிஎல் தொடங்கியதோ 2008இல். அதாவது கேம் வெளியானபோது சென்னை சூப்பர் கிங்ஸ் என்று ஒரு அணியே உலகத்தில் கிடையாது. இந்திய வீரர்களின் பெயரைப் போட உரிமம் இல்லாததால் பெயர்களைத் திரித்துத்தான் கொடுத்திருந்தார்கள். ஆனால் இன்றைக்கு நம் ஊரில் யாராவது இந்தக் கேமை ஆடினால் திரையில் மஞ்சள் ஜெர்சி ஓடும், சேப்பாக்கம் தெரியும், பெயர்கள் சரியாக இருக்கும், இந்த சீசனில் ஏலம் போன ஆள்கூட இருப்பார். இது எதையும் கம்பெனி செய்யவில்லை. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை என்று பல ஊர்களில் உட்கார்ந்து ரசிகர்கள் செய்த பேட்ச், அதாவது இருக்கிற கேமின்மேல் போடுகிற மாற்றம்.

பேட்ச் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் சட்டம் எங்கே கடிக்கும் என்பதும் புரியும். கேமின் உடுப்பு, முகம், விளம்பரப் பலகை, மைதானம் எல்லாம் படக்கோப்புகளாக, பெரிய மூட்டைக் கோப்புகளுக்குள் அடைபட்டிருக்கின்றன. வீரர்களின் பெயர், திறமைப் புள்ளி எல்லாம் ரோஸ்டர் என்ற தனிக் கோப்பில். மூட்டையைப் பிரித்து, ஜெர்சிப் படத்தை எடுத்து, அதன்மேல் புதிதாக வரைந்து, திரும்ப உள்ளே வைத்தால் உடுப்பு மாறிவிடும். இதுவரை எல்லாம் ரசிகன் தானே வரைந்தது, தானே தட்டச்சு செய்தது. ஆனால் சில பேட்ச்காரர்கள் இதோடு நிற்பதில்லை. கேமை இயக்குகிற முதன்மைக் கோப்பையே, அதாவது இஎக்ஸ்இ கோப்பையே மாற்றி, அதையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இன்னும் சிலர் முழுக் கேமையும் பேட்ச்சையும் ஒரே மூட்டையாகக் கட்டி, டிஸ்க் கேட்காதபடி செய்து இணையத்தில் ஏற்றிவிடுகிறார்கள். ஆடுகிறவனுக்கு எல்லாமே 'பேட்ச்'தான். சட்டத்துக்கு இவை வேறு வேறு.

என் அக்கா மகன் பிளஸ் டூ படிக்கிறான். ஜெர்சி வரைவதில் கெட்டிக்காரன். துணி மடிப்பில் நிழல் எங்கே விழும் என்று பார்த்துப் பார்த்துப் போடுவான். போன கோடை விடுமுறையில் அவன் கேட்டான்: "மாமா, நான் வரைஞ்சத எல்லாம் நெட்ல போடலாமா? கேஸ் கீஸ் போட்டுருவாங்களா?" அவனுக்காகத்தான் சட்டத்தை மறுபடி எடுத்து, வரி வரியாக அவனோடு உட்கார்ந்து படித்தேன். தமிழ்நாடு பிரீமியர் லீக் அணிகளை எல்லாம் உள்ளே கொண்டுவர வேண்டும் என்பது அவன் ஆசை.

சட்டத்தின் 52ஆம் பிரிவு, எவையெல்லாம் பதிப்புரிமை மீறல் ஆகாது என்று சொல்லிக்கொண்டு போகும். முதல் உட்பிரிவிலேயே, தனிப்பட்ட பயன்பாட்டுக்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் கையாளலாம் என்று வருகிறது. படிக்கிறவர்கள் இங்கேயே மகிழ்ந்துபோய்ப் புத்தகத்தை மூடிவிடுவார்கள். மூடக்கூடாது. அந்த வரியிலேயே 'கணினி நிரல் நீங்கலாக' என்று இருக்கிறது. கேம் என்பது முதலில் ஒரு கணினி நிரல். நம் சட்டத்தில் கணினி நிரல் இலக்கியப் படைப்பு என்ற வகைக்குள் வருகிறது. கதை, கவிதையோடு ஒரே வரிசை.

கொஞ்சம் கீழே வந்தால் நிரல்களுக்கென்றே தனியாக நான்கு உட்கூறுகள் இருக்கின்றன. முதலாவது 1994 திருத்தத்தில் வந்தது. ஒரு நிரலின் பிரதியைச் சட்டப்படி கையில் வைத்திருப்பவர், அது எதற்காகத் தரப்பட்டதோ அதற்காகப் பயன்படுத்த நகல் எடுக்கலாம், தழுவி மாற்றலாம். டிஸ்க் கெட்டுப்போகும், தொலைந்துபோகும் என்று பாதுகாப்புக்காகவும் நகல் எடுத்து வைக்கலாம். மற்ற மூன்றும் 1999 திருத்தத்தில் வந்தவை. அதில் கடைசியாக உள்ள ஏடி என்ற உட்கூறுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒருவர் தாமே சட்டப்படி பெற்ற பிரதியிலிருந்து, வணிகமில்லாத சொந்தப் பயன்பாட்டுக்காக, கணினி நிரலை நகல் எடுப்பதோ தழுவி மாற்றுவதோ மீறல் ஆகாது என்கிறது. இவ்வளவுதான். ஒரே வரி.

இதைப் படித்துவிட்டு மருமகன் கேட்டான், "அப்ப நான் வீட்ல செய்றது எல்லாமே ஓகேவா?" ஓகேதான். சொந்தமாக வாங்கிய டிஸ்க், சொந்தக் கம்ப்யூட்டர், சொந்த ஆட்டம். உள்ளே ஜெர்சியை மாற்று, பந்தின் வேகத்தை மாற்று, நடுவரின் தொப்பியை மாற்று. உள்ளே இருக்கிற படமும் இசையும் நிரல் இல்லை, தனிப் படைப்பு என்று யாராவது வாதிட்டாலும், அவற்றுக்கு முதலில் சொன்ன தனிப்பட்ட பயன்பாட்டு விலக்கு இருக்கிறது. நிறுவும்போது 'சம்மதம்' என்று அழுத்துகிறோமே, அதில் எதையும் மாற்றக்கூடாது என்று எழுதியிருக்கும். அது உனக்கும் கம்பெனிக்கும் உள்ள ஒப்பந்தம். அதை மீறினால் ஆன்லைன் கணக்கை மூடலாம், உரிமையியல் வழக்குப் போடலாம். அதனால் மட்டும் அது திருட்டு ஆகிவிடாது. இது என் வாசிப்பு.

ஆனால் அந்த ஒரே வரியில் இரண்டு பூட்டுகள் இருக்கின்றன. ஒன்று, 'சட்டப்படி பெற்ற'. இன்னொன்று, அந்தப் பிரதி'யிலிருந்து'. இரண்டாவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. "எங்க வீட்ல டிஸ்க் இருக்குண்ணே, ஆனா கீறல் விழுந்துருச்சு, அதனால நெட்ல இறக்கிட்டேன். நான்தான் காசு குடுத்துட்டேனே?" நியாயமான கேள்விதான். ஆனால் இறக்கிய கோப்பு உன் டிஸ்க்கிலிருந்து வந்தது இல்லை. யாரோ ஒருவர் ஊருக்கெல்லாம் எடுத்துப்போட்ட நகல். அவர் போட்டதே மீறல். உன் டிஸ்க்கிலிருந்து நீயே ஐஎஸ்ஓ, அதாவது முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாக, நகல் எடுத்தால் சட்டம் உன் பக்கம். அதே கேம், பைட்டுக்கு பைட் அதே கோப்பு, டாரண்டில் வந்தால் சட்டம் உன் பக்கம் இல்லை. டாரண்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. இறக்கும்போதே உன் கம்ப்யூட்டர் அதை அடுத்தவருக்கு ஏற்றிக்கொண்டும் இருக்கும். நீ வாங்குகிறவன் மட்டுமில்லை, அந்த நேரத்தில் விநியோகிக்கிறவனும்கூட.

தண்டனை என்ன என்று கேட்பார்கள். திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு நிரலைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்துவதற்கு 63பி என்று தனிப் பிரிவே இருக்கிறது. ஏழு நாளிலிருந்து மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையை விட்டுவிட்டு, 50,000 வரை அபராதத்தோடு நிறுத்தலாம். பையன்களுக்குக் கிடைக்கிற இந்தச் சலுகை என்னைப் போல் கடை வைத்திருப்பவனுக்குக் கிடையாது. நான் காசு வாங்கிக்கொண்டு திருட்டு கேமை ஏற்றிக் கொடுத்தால் 63ஆம் பிரிவு: ஆறு மாதம் முதல் மூன்று வருடம். அந்தப் பிரிவில் போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம், அது ஜாமீனில் விடமுடியாத குற்றம் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பையன்கள் கேட்டு நான் மறுக்கும்போது அவர்களுக்கு முகம் சுருங்கிவிடுகிறது. நூறு இருநூறு ரூபாய்க்காக நான் எதைப் பணயம் வைக்க வேண்டியிருக்கும் என்பதை இப்போதாவது புரிந்துகொள்வார்கள்.

சரி, டிஸ்க்கோடு வருகிறவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். அது இதைவிடச் சுவாரசியமானது.

இருபது வருடத்துக்கு முந்தைய டிஸ்க்குகள் பலவற்றில் சேஃப்டிஸ்க், செக்யூராம் என்று நகல் தடுப்புப் பூட்டுகள் இருந்தன. சேஃப்டிஸ்க் பூட்டு வேலை செய்ய விண்டோஸுக்குள் டிரைவர் என்ற ஒரு துணை நிரல் இருக்க வேண்டும். அந்த டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் 2015இல் வந்த விண்டோஸ் 10-இல் மைக்ரோசாஃப்ட் அதைச் சேர்க்கவில்லை. அதே வருடம் பழைய விண்டோஸ்களிலும் ஒரு அப்டேட் மூலம் முடக்கிவிட்டது. அந்த முடிவில் தப்பு இல்லை. ஆனால் விளைவு என்ன? காசு கொடுத்து வாங்கிய அசல் டிஸ்க் ஓடாது. திருட்டு நகலோ, பூட்டை உடைத்துத்தானே வந்தது, அது ஜோராக ஓடும். ஒழுங்காக வாங்கியவனைக் கதவுக்கு வெளியே நிறுத்துகிற இந்த ஏற்பாட்டை நான் எந்த நாளும் ஏற்கமாட்டேன்.

போன வருடம் ஒரு அப்பா வந்தார். 2005-ஐ ஒட்டி வந்த ஒரு கார் பந்தய கேம், பெட்டியோடு, உள்ளே கீ, அதாவது நிறுவும்போது கேட்கிற எண், அச்சடித்த அட்டையோடு. அவர் கல்லூரிக் காலத்தில் வாங்கியது. இப்போது மகனோடு சேர்ந்து ஆட வேண்டும் என்று ஆசை. லேப்டாப்பில் டிவிடி டிரைவே இல்லை. யுஎஸ்பியில் செருகுகிற டிரைவ் ஒன்று கடையில் வைத்திருக்கிறேன், அதில் போட்டால் கேம் நிறுவப்பட்டது, ஆனால் திறக்கவில்லை. "நெட்ல கிராக் கிடைக்குமாமே தம்பி, அத எடுத்துப் போட்டுருங்க" என்றார்.

இங்கேதான் 65ஏ பிரிவு வருகிறது. 2012 திருத்தத்தில் சேர்த்தார்கள். உரிமைகளைப் பாதுகாக்கப் போட்ட தொழில்நுட்பப் பூட்டை, 'அந்த உரிமைகளை மீறும் நோக்கத்தோடு' உடைத்தால் இரண்டு வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. நோக்கத்தோடு என்ற சொல்லைக் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வரியிலேயே, இந்தச் சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத ஒரு காரியத்துக்காகப் பூட்டைத் திறப்பதை இந்தப் பிரிவு தடுக்காது என்றும் இருக்கிறது. தன் டிஸ்க்கைத் தானே ஓட்டிப் பார்ப்பதை எந்தப் பிரிவும் தடுக்கவில்லை.

அமெரிக்காவில் இப்படி இல்லை. அங்கே 1998இல் வந்த டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டத்தின் 1201ஆம் பிரிவில், அணுகலைத் தடுக்கிற பூட்டைத் திறப்பதே பொதுவாகச் சட்டமீறல், எதற்காகத் திறந்தாய் என்பது அப்புறம்தான். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அந்நாட்டு நாடாளுமன்ற நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் தலைவரிடம் விதிவிலக்கு கேட்டு வரிசையில் நிற்க வேண்டும். கம்பெனி சர்வரை நிறுத்தியதால் செத்துப்போன கேமை, வாங்கியவர் தன் வீட்டில் மறுபடி ஓடவைத்துக்கொள்ளலாம் என்ற அனுமதியே அங்கே 2015இல்தான் கிடைத்தது. அமெரிக்க யூடியூபர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு நம் பிள்ளைகள் இங்கேயும் அதுதான் சட்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே எழுத்தில் உள்ளது வேறு. அதற்காகப் பாராளுமன்றத்துக்கு நான் மனதாரக் கடன்பட்டிருக்கிறேன்.

அப்படியென்றால் அந்த அப்பாவுக்கு நெட்டில் கிராக் இறக்கிக் கொடுத்தேனா? இல்லை. இணையத்தில் கிடைக்கிற கிராக் என்பது பெரும்பாலும் கம்பெனியின் இஎக்ஸ்இ கோப்பையே யாரோ மாற்றிப் போட்ட நகல். அவருடைய டிஸ்க்'கிலிருந்து' வந்தது இல்லை. ஏடி வரியில் பார்த்த அதே பூட்டு. அதற்குப் பதிலாக, விண்டோஸ் எடுத்துவிட்ட அந்த டிரைவரின் வேலையைத் தானே செய்கிற சிறு நிரல்களை ஆர்வலர்கள் எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். அவற்றில் கேம் கம்பெனியின் கோப்பு ஒரு வரிகூடக் கிடையாது. டிஸ்க் டிரைவில் இருக்க வேண்டும், பூட்டு தன் சோதனையைச் செய்யும், சாவி பொருந்தும், கேம் திறக்கும். இதைவிட நேர்மையான வழி இல்லை. அந்த அப்பாவுக்கு அப்படித்தான் ஓடியது. மகனை அழைத்துவந்து காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார், அடுத்த சனிக்கிழமை அழைத்தும் வந்தார்.

எல்லா டிஸ்க்குக்கும் இந்த வழி பொருந்தாது. சிலவற்றில் கேமின் கோப்பிலேயே மாற்றம் செய்தாக வேண்டும். அப்போது நான் செய்து கொடுப்பதில்லை. வந்தவரை உட்காரவைத்து, அவர் டிஸ்க்கிலிருந்து அவர் கையாலேயே செய்யவைப்பேன். பக்கத்தில் நின்று சொல்வது மட்டும் என் வேலை. அதற்கு முன் ஒரு நோட்டில் அவருடைய பெயர், முகவரி, தொலைபேசி எண், கேமின் பெயர், எதற்காகச் செய்கிறார் என்பதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வேன். "எதுக்குண்ணே இதெல்லாம்?" என்று எல்லாரும் கேட்பார்கள். நானாகக் கண்டுபிடித்த வழக்கம் இல்லை இது. 65ஏ பிரிவிலேயே இருக்கிறது: இப்படி ஒருவர் பூட்டைத் திறக்க உதவி செய்கிறவர், அவரை அடையாளம் காணத் தேவையான விவரம் முழுவதையும், எதற்காக உதவினார் என்பதையும் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். நான் விசாரித்த எந்த சர்வீஸ் கடையிலும் இப்படி ஒரு நோட்டு இல்லை. ஒவ்வொரு கடையிலும் இருக்க வேண்டும். அது வாடிக்கையாளருக்கும் பாதுகாப்பு, கடைக்காரனுக்கும் பாதுகாப்பு.

இனி மருமகனின் கேள்வி. வீட்டில் செய்ததை வெளியே கொடுக்கலாமா? ஏடி உட்கூறு சொந்தப் பயன்பாட்டோடு நின்றுவிடுகிறது. வெளியே கொடுக்கிற நிமிடம் அந்தக் கூரை தலைக்குமேல் கிடையாது. அதற்கப்புறம், கொடுப்பதற்குள் யாருடைய பொருள் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில் நடந்த இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். இரண்டையும் தீர்த்தது ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம். நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது, ஆனாலும் யோசிக்க உதவும். முதலாவது கேம் ஜீனி. நிண்டெண்டோ பெட்டிக்கும் கேம் அடங்கிய கேட்ரிட்ஜுக்கும் நடுவில் செருகுகிற கருவி. பிரிட்டனில் கோட்மாஸ்டர்ஸ் உருவாக்கியது, அமெரிக்காவில் கலூப் என்ற பொம்மைக் கம்பெனி விற்றது. கேட்ரிட்ஜிலிருந்து வருகிற ஒரு எண்ணை வழியில் மறித்து வேறு எண்ணாக மாற்றிவிடும். மூன்று உயிர் இருந்த இடத்தில் ஒன்பது உயிர். கேட்ரிட்ஜில் எதுவும் அழியாது, நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும். இது எங்கள் கேமின் தழுவல் என்று நிண்டெண்டோ நீதிமன்றத்தில் வாதாடி, விற்பனைக்கு இடைக்காலத் தடை வாங்கியது. 1992இல் தோற்றது. தனியாக ஒரு புதுப் படைப்பு உருவாகவில்லை, காசு கொடுத்து வாங்கியவர் தன் வீட்டில் தன் விருப்பப்படி ஆடுகிறார், அவ்வளவுதான் என்பது தீர்ப்பின் சாரம். வழக்கு முடியும்வரை விற்பனையைத் தடுத்து வைத்திருந்ததற்காக 1.5 கோடி டாலரை நிண்டெண்டோ கொடுக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது டியூக் நூகம் 3டி. 1996இல் வந்த கேம். புது மைதானங்களை, அதாவது லெவல்களை உருவாக்கிக்கொள்ளும் கருவியைக் கேமோடு சேர்த்தே கொடுத்திருந்தார்கள். ஆடுகிறவர்கள் செய்து இணையத்தில் போட்டார்கள், கம்பெனி ஒன்றும் சொல்லவில்லை. இலவசமாக மட்டும் கொடுக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மைக்ரோ ஸ்டார் என்ற நிறுவனம் அப்படிக் கிடந்தவற்றில் 300 லெவல்களை அள்ளி, ஒரு சிடியில் போட்டு விற்றது. அந்தக் கோப்புகளில் கேமின் படம் ஒன்றுகூட இல்லை. எந்தப் படத்தை எந்த இடத்தில் வை என்ற குறிப்பு மட்டும்தான். ஆனாலும் 1998இல் நீதிமன்றம் அதை மீறல் என்றது. அந்த லெவல்கள் டியூக்கின் கதையையே தொடர்கின்றன, அடுத்த பாகம் எழுதுகிற உரிமை கம்பெனிக்குத்தான் என்றது.

இந்த இரண்டாவது தீர்ப்பு எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஒரு லெவலைத் தன் மூளையால் உருவாக்கியவனின் உழைப்பு அதில் கண்ணுக்கே தெரியாமல் போகிறது. ஆனால் விற்றதைத் தடுத்தது சரி. யாரோ 300 பேர் இலவசமாகக் கொடுத்ததை அள்ளி ஒருவன் காசாக்குவது அவர்களுக்கும் செய்கிற அநியாயம். நம் ஊரிலும் கிரிக்கெட் பேட்ச்சுகளை இறக்கி, டிவிடியில் எழுதி, 'ஐபிஎல் கேம்' என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். செய்த பையனின் பெயர்கூட அதில் இருக்காது.

மருமகனுக்கு நான் சொன்னது இதுதான். நீ வரைந்த படம், நீ தட்டிய பெயர்ப் பட்டியல், இவை மட்டும் மூட்டையில் இருக்கட்டும். இஎக்ஸ்இ வேண்டாம். கேமின் மற்ற கோப்பு எதையும் சேர்க்காதே. மாற்றித்தான் ஆக வேண்டிய கோப்பு இருந்தால், முழுக் கோப்பைக் கொடுக்காமல் மாறிய பைட்டுகளை மட்டும் கொடு. ஜப்பானில் மட்டும் 2006இல் வெளியான மதர் 3 என்ற கேமை ரசிகர்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2008இல் கொடுத்தது அப்படித்தான். கேமைக் கொடுக்கவில்லை, மாற்றத்தை மட்டும் கொடுத்தார்கள். அசல் உன்னிடம் இருந்தால் அதன்மேல் போட்டுக்கொள். காசு வாங்காதே, 'டொனேஷன்' என்றும் கேட்காதே. அணிகளின் சின்னம் வணிக முத்திரை, அதற்கு வேறு சட்டம் இருக்கிறது. அதிகாரபூர்வமானது இல்லை என்று முதல் வரியிலேயே எழுது. இவ்வளவு செய்தாலும் ஆபத்தே இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். கம்பெனி எடுக்கச் சொன்னால் எடுத்துவிடு.

"முழு கேம் லிங்க் கேப்பாங்களே மாமா?" என்றான். கேட்பார்கள்தான். அங்கேதான் எனக்கும் மனசு கனக்கிறது. ஏனென்றால் கிரிக்கெட் 07-ஐ இன்றைக்கு எந்த இணையக் கடையிலும் வாங்க முடியாது. பழைய டிஸ்க் யாரிடமாவது இருந்தால்தான் உண்டு. கைவிட்ட கேம் என்று ஒரு வகை நம் சட்டத்தில் கிடையாது. இலக்கியப் படைப்புக்கு ஆசிரியரின் ஆயுள், அதற்குமேல் 60 வருடம் பாதுகாப்பு. விற்கவும் மாட்டேன், பிறர் கொடுக்கவும் விடமாட்டேன் என்று ஒரு கம்பெனி இரண்டு தலைமுறைக்கு உட்கார்ந்திருக்கலாம். அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. 2010க்கு முன் அங்கே வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் இன்றைக்கு விற்பனையில் இல்லை. பத்தில் ஒன்றுக்குச் சற்று மேல்தான் காசு கொடுத்து வாங்க முடியும். விற்பனையை நிறுத்தி இத்தனை வருடம் ஆன கேமை நூலகங்களாவது எடுத்துவைத்துக் கொடுக்கலாம் என்று சட்டம் மாற வேண்டும். அதை நான் உரக்கச் சொல்வேன். மாறும்வரை லிங்க் கொடுக்கவும் மாட்டேன்.

புது கேம்களின் கதை இன்னும் மோசம். யூபிசாஃப்டின் தி க்ரூ என்ற கார் கேமின் சர்வரை 2024 மார்ச் 31ஆம் தேதி நிறுத்தினார்கள். தனியாக ஆடுவதற்கும் சர்வர் வேண்டும் என்பதால் வாங்கியவர்கள் யாரும் அதற்கப்புறம் ஆட முடியவில்லை. ஐரோப்பாவில் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்று ஒரு இயக்கம் எழுந்து, 2025இல் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. கலிஃபோர்னியாவில், நீங்கள் வாங்குவது கேம் இல்லை, உரிமம்தான் என்று வாங்கும் இடத்திலேயே சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். டிஸ்க் வைத்திருப்பவனுக்கு ஏடி உட்கூறு கொடுக்கிற பலம், சர்வரில் மட்டும் உயிர் வைத்திருக்கிற கேமுக்கு உதவாது. நகல் எடுக்க அங்கே கையில் ஒன்றுமே இல்லையே.

மொபைல் 'மாட் ஏபிகே', அதாவது யாரோ மாற்றியமைத்த ஆண்ட்ராய்டு கேம் கோப்பு பற்றியும் கேட்கிறார்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. அது நீ மாற்றியது இல்லை, யாரோ மாற்றி ஊருக்குக் கொடுக்கிற கம்பெனியின் முழு நகல். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அப்படி வந்த போன்களைச் சுத்தம் செய்வதே என் கடையில் பாதி வேலை.

எமுலேட்டர், அதாவது ஒரு கேம் பெட்டியைப் போலக் கம்ப்யூட்டரை நடிக்கவைக்கிற நிரல் கேட்பவர்களுக்கு: எமுலேட்டர் எழுதுவதே குற்றம் இல்லை. சோனியின் பிளேஸ்டேஷனைக் கம்ப்யூட்டரில் ஓட்டிய கனெக்டிக்ஸ் நிறுவனம் 2000இல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஜெயித்தது. அவர்கள் விற்ற பொருளில் சோனியின் நிரல் இல்லை. நம் 52ஆம் பிரிவிலும், ஒரு நிரலோடு இன்னொன்று ஒத்து இயங்கத் தேவையான தகவலைப் பெறுவதற்கு இடம் இருக்கிறது. ஆனால் எமுலேட்டருக்குள் போடுகிற பயாஸும் (பெட்டியைத் தொடங்கிவைக்கிற அடிப்படை நிரல்) கேமும் உன் பெட்டியிலிருந்தும் உன் டிஸ்க்கிலிருந்தும் நீ எடுத்ததாக இருக்க வேண்டும். பெட்டியே இல்லாதவன் பயாஸை எங்கிருந்து எடுப்பான் என்ற கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் எதுவும் இல்லை.

மருமகன் ஆடி மாதம் பேட்ச்சை ஏற்றினான். எட்டு அணிகள், ஜெர்சியும் பெயர்ப் பட்டியலும் மட்டும். லிங்க் கேட்டவர்களுக்கெல்லாம் டிஸ்க் இருந்தால் மட்டும் வேலை செய்யும் என்று பொறுமையாகப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறான்.

பழைய டிஸ்க் வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள். கீ அச்சடித்த அட்டை அல்லது கையேடு, எது மிச்சம் இருந்தாலும் சேர்த்து எடுத்து வாருங்கள். சிடி என்றால், கீறல் மேல்பக்கத்தில், அதாவது படம் அச்சடித்த பக்கத்தில் இருந்தால்தான் கஷ்டம். கீழ்ப்பக்கக் கீறல் பெரும்பாலும் மெருகேற்றினால் சரியாகிவிடும். நகலைச் சேமிக்க உங்கள் பென் டிரைவையே கொண்டு வாருங்கள், என் கம்ப்யூட்டரில் எதையும் வைத்துக்கொள்வதில்லை. சனிக்கிழமை மாலை வந்தால் நிதானமாக உட்கார்ந்து பார்க்கலாம்.